மேல்கம்பி 40 எம்எம் இறங்கியதற்கா கான்கிரீட்டை நிறுத்துவார்கள்?

கேள்வி: சிங்கப்பூர் சைட்டில் பால்கனித் தளத்தின் மேல்கம்பி 40 எம்எம் இறங்கிவிட்டது என்று ஆர்டிஓ கான்கிரீட் போடவிடவில்லை. கம்பி ஒன்றுகூடக் குறையவில்லை. இது அநியாயம் இல்லையா?

அநியாயம் இல்லை, தம்பி. நீங்கள் கம்பி கட்டுகிறவர், ஃபோர்மேனிடம் திட்டு வாங்கிய சூட்டில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். (ஊரில் படிப்பவர்களுக்கு: இந்த ஆர்டிஓ லைசென்ஸ் கொடுப்பவர் இல்லை. இன்ஜினியர் சார்பில் சைட்டைச் சரிபார்ப்பவர்.)

ஹால் தளத்துக்கு இரண்டு பக்கமும் தாங்கல் உண்டு. நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருப்பது. நுனி தொங்கும், மேல்பக்கம் இழுபடும். நசுக்குவதைத் தாங்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் கான்கிரீட்டுக்கு இழுப்பில் உண்டு. அதனால்தான் அங்கே கம்பி மேலே. அதோடு, சதுர மீட்டருக்கு 8 கிலோநியூட்டன் சுமை, 1.5 மீட்டர் நீளம் என்றால், இரு பக்கமும் தாங்கிய தளத்தின் நடுவில் பெண்டிங் மொமென்ட் (தளத்தை வளைக்கும் முறுக்கு) மீட்டர் அகலத்துக்கு 2.25 கிலோநியூட்டன் மீட்டர். கான்டிலீவரின், அதாவது இப்படி ஒரு பக்கம் மட்டும் பிடித்த தளத்தின், வேரில் (கட்டடத்தோடு சேரும் இடத்தில்) 9. நாலு மடங்கு.

இப்போது உங்கள் 40. தளம் 150, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 25, கம்பி 12 என்றால், அடிமட்டத்திலிருந்து கம்பி நடு வரை 119 எம்எம். மிதிபட்டு இறங்கினால் 79. மேலே கம்பி இழுக்க, கீழே கான்கிரீட் தள்ள, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பலம். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. விறைப்போ பாதிக்கும் கீழே. நுனி தொய்யும், வேரில் மேல்பக்கம் வெடிக்கும், மழைத்தண்ணீர் அதே வெடிப்பில் இறங்கிக் கம்பியைத் துருவாக்கும்.

நீங்களே சோதிக்கலாம். பலகையில் கான்கிரீட் மட்டத்துக்கு நூல் இழுத்துக் கட்டி, நூலிலிருந்து கம்பியின் முதுகுக்கு டேப் பிடியுங்கள். 25 வர வேண்டும். 65 வந்தால் ஆர்டிஓ சொன்னது சரி. சேர் கம்பியை (மேல்கம்பியை நாற்காலிபோலத் தாங்கும் கம்பி) மீட்டருக்கு ஒன்று என்று விடாதீர்கள், 600 எம்எம்முக்கு ஒன்று வையுங்கள். நடக்கப் பலகை போடுங்கள். பெரும்பாலும் கம்பியை அமுக்குவது பம்ப் ஹோஸ் இழுக்கிறவர்களின் பூட்ஸ்தான். பழி கம்பி கட்டியவன் தலையில்.

காலையில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஹெல்மெட், பூட்ஸ் என்று பத்து நிமிடம் பேசுவார்கள். எந்தப் பக்கம் இழுபடும் என்று ஒரு நிமிடம் தமிழில் சொல்ல ஆள் இல்லை. விடிகாலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் மதியத்துக்குள் புளித்துப்போவதை யாரும் கேட்பதும் இல்லை. சரி, விடுங்கள்.

தூணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. பீம் தொய்ந்து, வெடித்து, எச்சரிக்கும். தூண் அநேகமாக எச்சரிக்காது. ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) பிடித்திருக்காவிட்டால் மெயின் கம்பி வெளியே பிதுங்கும். 300 சதுரத் தூணில் 20 எம்எம் கம்பி என்றால், யூரோகோடு (ஐரோப்பியக் கட்டுமான விதி) கணக்கில் ரிங் இடைவெளி 300க்கு மேல் போகக் கூடாது. பீமை ஒட்டிய பகுதியில் 180. நெருக்கமாக இருக்கிறது என்று அங்கேதான் பலரும் ரிங்கைத் தள்ளிவிடுகிறார்கள். 1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே டிசைனில் சேர்க்கவில்லை என்றது விசாரணை. தூண்கள்தான் கைவிட்டன.

“சும்மா பயமுறுத்துகிறான்” என்று எழுத வரும் இன்ஜினியர்களுக்கு: மேலே உள்ளவை புரிவதற்கான கணக்கு, டிசைன் இல்லை. ட்ராயிங்தான் முடிவு.

ஏற்கெனவே போட்டு முடித்த பால்கனியில் சந்தேகம் இருந்தால், அடியில் முட்டுக்கொடுத்த கம்பங்களைப் பிரிக்காமல், கவர் மீட்டரால் (கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். மேலே பூச்சைக் கூட்டி மறைக்காதீர்கள். 25 எம்எம் பூச்சு சதுர மீட்டருக்கு இன்னும் 0.6 கிலோநியூட்டன்.