மழைக்கு முன் கூரையேறுங்கள்: டிரெய்லர் ரப்பர் கூரை பற்றிய கேள்வி–பதில்

பனி உருகி, டிரெய்லர்களின் உறையைக் கழற்றும் பருவம் வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கூரையைப் பற்றியவையாகவே இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்பிங் டிரெய்லர் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் விரிப்பு தானாகக் கிழிவது அபூர்வம். விரிப்பை வெட்டித் துளையிட்டு எதையாவது பொருத்திய இடம்தான் முதலில் காலை வாரும்.

பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினோம். கூரை ரப்பர் என்று மட்டும் விற்றவர் சொன்னார். எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒஹையோ)

‘ரப்பர் கூரை’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஈ.பி.டி.எம். என்பது உண்மையான செயற்கை ரப்பர். டி.பி.ஓ. என்பது ரப்பர் போலத் தோன்றும் பிளாஸ்டிக் வகை. சுத்தம் செய்யும் திரவம், ஒட்டும் பட்டி, சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) எல்லாமே இதைப் பொறுத்து மாறும் என்பதால் வகை தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

கூரையைக் கீறிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே, குளியலறைக் காற்றுப்போக்கியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி இறக்குங்கள். கூரையை வெட்டிய விளிம்பு பெரும்பாலும் அங்கே தெரியும். மேலே வெள்ளை, அடியில் கறுப்பு என்றால் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். இன்னொரு அடையாளமும் உண்டு: வெயிலில் சில ஆண்டுகள் கிடந்த ஈ.பி.டி.எம். கூரையைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். டி.பி.ஓ.வில் அப்படி ஒட்டுவது குறைவு. தொட்டால் சற்று விறைப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் டிரெய்லரின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடுகள் வழிகின்றன. கூரை கரைகிறதா? (ஜார்ஜியா)

பயப்பட வேண்டாம். ஈ.பி.டி.எம்.மின் மேற்பரப்பு வெயிலில் மெல்ல மெல்லப் பொடியாக உதிரும். அது அதன் இயல்பு. அந்தப் பொடிதான் மழைநீரோடு வழிகிறது. வெள்ளை தேய்ந்து கறுப்பு எட்டிப்பார்க்கத் தொடங்கினால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை கழுவினால் கோடுகள் குறையும். பாத்திரம் துலக்கும் மிதமான சோப்பு, வாளித் தண்ணீர், நீண்ட கைப்பிடி வைத்த மென்மையான பிரஷ், இவை போதும். கூரையில் ஏறுவதற்கு முன் பக்கச் சுவர்களை நனைத்துவிடுங்கள்; கழுவி முடித்ததும் மீண்டும் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். சுவரில் காய்ந்த பொடியைத் தேய்த்து எடுப்பது கூரையைக் கழுவுவதைவிடப் பெரிய வேலை.

பெட்ரோலியம் கலந்த கிளீனரையும், ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய் சேர்த்த கிளீனரையும் ஈ.பி.டி.எம். பக்கமே கொண்டுபோகாதீர்கள். ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பிவிடும். அடியில் உள்ள பசையும் விட்டுப்போகும். பிரஷர் வாஷரை ஓரங்களுக்கும் சீலன்டுக்கும் அருகில் பாய்ச்சுவது ஒழுகலை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

கட்டிலுக்கு மேலே கூரையின் நடுவில் ஈரம் தெரிகிறது. மேலே ஏறிப் பார்த்தால் அந்த இடத்தில் ஓட்டையே இல்லை. (நியூ ஜெர்சி)

அந்த இடத்தில் இருக்காது. டிரெய்லரில் தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. ரப்பருக்கு அடியில் உள்ள பலகைக்கும் உட்கூரைக்கும் இடையில் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வெகுதூரம் நடக்கும். டிரெய்லர் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்து நின்றால் ஈரத்துக்கு முன்னால் உள்ள பொருத்துகளில் தேடுங்கள்.

ஏ.சி. ஓடும்போது மட்டும் சொட்டுகிறதா, மழையில் மட்டுமா? இதைக் கவனித்தால் பாதித் தேடல் மிச்சம். ஏ.சி. ஓடும்போது மட்டும் என்றால் அதன் தட்டில் சேரும் நீர் வெளியேறும் வழி அடைத்திருக்கலாம். மழையில் ஏ.சி.யைச் சுற்றிக் கசிந்தால், கூரைக்கும் ஏ.சி.க்கும் இடையில் உள்ள நுரை கேஸ்கெட் தளர்ந்திருக்கலாம். உள்ளிருந்து நான்கு நீண்ட போல்ட்டுகளைச் சமமாக முடுக்குங்கள். கேஸ்கெட் ஏறத்தாழப் பாதி உயரத்துக்கு அமுங்கினால் போதும். அதன் வெளிப்புறத்தைச் சுற்றி சீலன்ட் பூசி அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் நேராக டிரெய்லருக்குள் இறங்கும்.

மற்றபடி காற்றுப்போக்கி, குளியலறைக்கு மேலே வெளிச்சம் புகும் குமிழ், கழிவுநீர்க் குழாயின் மூடி, ஆண்டெனா, ஏணியின் கால்கள், முன்னும் பின்னும் கூரை முடியும் உலோகப் பட்டை ஆகிய எல்லாவற்றையும் முழங்காலிட்டு, முகத்தை அருகில் வைத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். திருகின் தலையை மூடிய சீலன்ட் சாம்பல் நிறமாகி, மயிரிழை போல ஒரு விரிசல் திருகைச் சுற்றி வளைந்திருக்கும். சீலன்டின் விளிம்பை நகத்தால் மெல்ல நெம்புங்கள். ரப்பரோடு சேர்ந்து எழும்பினால் ஒட்டு நன்றாக இருக்கிறது. ஓடு போலத் தனியாகக் கழன்று வந்தால் அங்கேதான் தண்ணீர் நுழைகிறது.

எதுவும் கிடைக்கவில்லையா? பழுது பார்க்கும் சில கடைகளில் அழுத்தச் சோதனை செய்வார்கள். உள்ளே மின்விசிறியால் காற்றை நிரப்பி, வெளியே பொருத்துகளின் மீது சோப்பு நீரைத் தெளிப்பார்கள். ஓட்டை உள்ள இடம் நுரைக்கும். கண்ணுக்குத் தப்பிய கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

இடம் தெரிந்துவிட்டால் வேலை எளிது. தளர்ந்த சீலன்டை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இறுகப் பிடித்திருப்பதைப் பிய்த்து ரப்பரைக் கிழிக்க வேண்டாம். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். சமதளத்தில் தானாகப் பரவிச் சமமாகும் சீலன்டைப் பயன்படுத்துங்கள். டைகார் நிறுவனத்தினுடையது எளிதாகக் கிடைக்கும். செங்குத்தான ஓரங்களுக்கு வழியாத வகை தனியாக இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் சுவரெல்லாம் வழிந்து நிற்கும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கடையில் சிலிகோன் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் பூசலாமா? (டொரன்டோ)

கூடாது. ரப்பரில் அது நிலைத்து ஒட்டாது. விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பிசுக்கின் மீது பிறகு வேறு எதுவும் ஒட்டாது. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

மரக்கிளை உரசி ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் கிழிந்துவிட்டது. கூரையையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். (வாஷிங்டன் மாநிலம்)

ஒரு சாண் கிழிசலுக்குக் கூரையை மாற்றச் சொல்பவரிடம் இன்னொரு முறை போகாதீர்கள். ஆனால் உடனே ஒட்டியும் விடாதீர்கள். கிழிந்த பிறகு மழை பெய்ததா? பெய்திருந்தால் அடியில் உள்ள பலகை நனைந்திருக்கும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பலகை உளுத்துப்போகும். கிழிசலின் உதடுகளைத் தூக்கிவிட்டு, வெயிலிலோ மின்விசிறியிலோ நன்றாகக் காய வையுங்கள்.

காய்ந்ததும் உதடுகளைப் படிய வைத்து, சுற்றிலும் ஒரு கை அகலத்துக்குச் சுத்தம் செய்யுங்கள். கூரை வகைக்கு ஏற்ற ஒட்டும் பட்டியைக் கிழிசலுக்கு எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. கூடுதலாக இருக்கும்படி வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக நறுக்குங்கள், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது போல. கூரான மூலைதான் முதலில் எழும்பும். பட்டியின் உறையில் ப்ரைமர் (முதற்பூச்சு) பூசச் சொல்லியிருந்தால் அதைத் தவிர்க்க வேண்டாம். எட்டர்னாபாண்ட் போன்ற பட்டிகள் அழுத்தத்தால் ஒட்டுபவை. கையால் தடவினால் போதாது, சிறிய உருளையால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேய்க்க வேண்டும். இவை ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. எனவே பின்தாளை முழுதாக உரிக்காமல், ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபடி ஒட்டிச் செல்லுங்கள். கடைசியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய சீலன்ட் கோடு இட்டு முடியுங்கள்.

வெயில் ஏறியதும் கூரையில் கொப்புளங்கள் தெரிகின்றன. குத்திக் காற்றை வெளியேற்றலாமா? (அரிசோனா)

வேண்டாம். நல்ல கூரையில் நீங்களே ஓட்டை போடுவானேன்? பசை பிடிக்காத இடத்தில் சூடான காற்று விரிவதால் எழும் சிறு கொப்புளங்கள் மாலையில் அடங்கிவிடும். அழுத்தும்போது அடியில் பலகை மெத்தென்று இருந்தாலோ, நெடுஞ்சாலையில் கூரை கப்பல் பாய் போல உப்பி அடித்துக்கொண்டாலோ கடைக்குப் போக வேண்டியதுதான்.

டிரெய்லருக்கு வயது 12. முழுக் கூரைக்கும் திரவப் பூச்சு அடித்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடுமா? (ஒன்டாரியோ)

பலகை திடமாக இருந்தால் ஓடும். வெள்ளை தேய்ந்து கறுப்பு தெரிகிற ஈ.பி.டி.எம்.முக்கு இது நல்ல வைத்தியம். ஆனால் ஒழுகுகிற கூரைக்குப் பூச்சு அடிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. பூச்சு பொருத்துகளைச் சரிசெய்யாது, உளுத்த பலகையைத் திடமாக்காது. முதலில் கூரை முழுவதும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், ஓரங்களையும் மூலைகளையும் முக்கியமாக. எங்கேனும் அமுங்கினால் பூச்சுக்கான பணத்தைப் பலகைக்கு எடுத்து வையுங்கள். டி.பி.ஓ. என்றால் அதற்கென்று எழுதியிருக்கும் பூச்சை மட்டும் வாங்குங்கள். மற்றவை தோல் உரிவது போல் உரிந்து வரும்.

குளிர்காலத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடினால் போதுமா? (மினசோட்டா)

தார்ப்பாய் காற்றில் அடித்து அடித்து ரப்பரையே தேய்த்துவிடும். அடியில் ஈரமும் தங்கும். காற்று புகும் துணி உறை வாங்குங்கள், கூர்முனைகளில் நுரைத் துண்டு வையுங்கள். பனியைத் தள்ளும்போது உலோக மண்வெட்டி கூடாது.

விரிப்புக்கு 12 ஆண்டு உத்தரவாதம் என்றார்கள். ஒழுகியதும் கைவிரித்துவிட்டார்கள். (கலிபோர்னியா)

உத்தரவாதத் தாளை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அது விரிப்புக்கு மட்டும். சீலன்ட் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். மெல்ல மெல்லக் கசிந்த சேதத்தைக் காப்பீடும் வழக்கமாக ஏற்பதில்லை. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு பொருத்தையும் அருகிலிருந்து படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், சீலன்ட் வாங்கிய ரசீதையும் சேர்த்து. அடுத்த முறை அவர்கள் பராமரிப்பைப் பற்றிக் கேட்டால் அவற்றை அனுப்பிவையுங்கள்.