சுடோகு கேள்வி பதில்: அழிப்பான் இல்லாமல் அமராதீர்கள்

மாட்டுங்கா வாசகி: கடினமான புதிர்களில் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். எக்ஸ்-விங் உதவும் என்கிறார்கள். அது என்ன?

இரண்டாம் வரிசையில் 7 வரக்கூடிய கட்டங்கள் மூன்றாம், எட்டாம் பத்திகளில் மட்டுமே உள்ளன என்றும், ஆறாம் வரிசையிலும் அவ்வாறே என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே 7 மூன்றாம் பத்தியில் அமர்ந்தால் கீழே அது எட்டாம் பத்திக்குப் போயே தீரவேண்டும். மேலே எட்டில் அமர்ந்தால் கீழே மூன்றில். எப்படியாயினும் அவ்விரு பத்திகளுக்குரிய 7-கள் இந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால், அப்பத்திகளின் மற்றக் கட்டங்களில் பென்சிலால் குறித்த 7-ஐ அழித்துவிடலாம். 7 எங்கே என்று தெரியாமலேயே எங்கே இல்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் சாத்திய எண்களை முழுமையாகக் குறித்த பிறகே இதைத் தேடுங்கள். குறிக்காமல் விட்ட ஒரேயொரு 7 எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்.

செம்பூர் வாசகர்: ஊகித்து ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம்.

தாராவி வாசகர்: 16 எண்கள் மட்டும் தந்த புதிர் உண்டா?

ஒரே விடையுடையதாக இல்லை. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயர் குழு 2012-இல் கணினியால் முழுமையாகத் தேடி, குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று காட்டியது.

தாணே வாசகி: ரயிலில் பேனாவால் போடுகிறேன், நடுவில் ஊகித்தால்...

ஊகம் பற்றி மேலே செம்பூர்க்காரருக்குச் சொன்னதே. பேனாவையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தாதரில் நெரிசலில் நின்றபடி, நாளிதழை நான்காக மடித்துப் பேனாவால் அடித்துத் திருத்தி, தாள் கிழிந்து எட்டாம் வரிசையையே இழந்தவன் நான்.

முலுண்ட் வாசகர்: ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைக் கட்டங்களில் மூன்றில் 4, 9 மட்டுமே வரலாம், நான்காவதில் 2, 4, 9. அங்கே 2-தான் என்று முன்பு எழுதினீர்கள். இது ஏமாற்று.

நான்கு கட்டங்களும் இரு வரிசை, இரு பத்தி, இரு 3×3 பெட்டிகளுக்குள் இருந்தால் மட்டுமே அப்படி எழுதினேன். நான்காவதிலும் 4 அல்லது 9 வந்தால், அவற்றை இடம் மாற்றி இரண்டாம் விடை கிடைத்துவிடும். புதிருக்கோ ஒரே விடை.

முலுண்ட் வாசகர்: ஒரே விடை என்பதையே தரவாக எடுத்துக்கொள்வது தர்க்கமா?

புதிரை உருவாக்குபவர் அதை நிரூபிக்கவேண்டும். தீர்ப்பவருக்கு அது புதிருடன் தரப்பட்ட நிபந்தனை. உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு: அச்சுப்பிழையால் இரு விடை அமைந்த புதிரில் இந்த வழி அந்தப் பிழையையே மறைத்துவிடும். ஆகவே நீங்களே உருவாக்கிய புதிரைச் சரிபார்க்கையில் இதைத் தொடாதீர்கள்.

மாஹிம் வாசகர்: ஊகிப்பது பற்றி...

செம்பூர்.