காட்பாடிக்கு ஏன் கே.பி.டி? வேலூர்ப் பக்கத்து ரயிலும் தந்தியும்

"சென்னை என்று பெயர் மாறி இத்தனை வருஷம் ஆகியும் டிக்கெட்டில் எம்.ஏ.எஸ் என்றே வருகிறது, காட்பாடிக்கு கே.பி.டி என்று வருகிறது, இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன? வேலூர்ப் பக்கம் ரயில் எப்போது வந்தது, அதற்கும் தந்திக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாத்தா காட்பாடி - விழுப்புரம் மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி உள்ள குறுகிய பாதை) பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவர் மடியில் உட்கார்ந்து கேட்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் கலந்துதான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரயில். தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் முதன்முதலாக ஓடியது 1856 ஜூலை 1ஆம் தேதி, சென்னை ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கி.மீ. பம்பாய் - தாணே ரயில் ஓடி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர். இணையத்தில் பல இடங்களில் முதல் ரயில் ஆம்பூர் வரை போனது என்று எழுதியிருப்பார்கள், அது தவறு. வாலாஜா ரோடு ஸ்டேஷன் இருப்பது அம்மூர் பக்கம், அந்த அம்மூரைத்தான் யாரோ ஆம்பூர் என்று படித்து, அதையே எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆம்பூருக்குப் பாதை அதற்குப் பிறகுதான் போனது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் என்று நீண்டு நீண்டு 1862இல் மேற்குக் கரையில் பேப்பூரைத் தொட்டது.

அதென்ன 'ரோடு' என்று கேட்பீர்கள். வாலாஜா ரோடு, ஆரணி ரோடு இரண்டுமே ஊருக்குள் இல்லாத ஸ்டேஷன்கள். தண்டவாளம் தன் வசதிக்கு ஒரு பக்கம் போகும், ஊர் இன்னொரு பக்கம் இருக்கும், இந்த இடத்தில் இறங்கினால் அந்த ஊருக்கு ரோடு இருக்கிறது என்று அர்த்தம். வேலூர் கதையும் கிட்டத்தட்ட அதுதான். பெரிய பாதை பாலாற்றின் வடக்குக் கரையிலேயே காட்பாடி வழியாகப் போய்விட்டது, தென்கரையில் கோட்டையும் கண்டோன்மெண்டும் வைத்திருந்த வேலூர்க்காரர்கள் ரயில் பிடிக்க ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஆற்றுக்குப் பாலம் போட்டு மீட்டர் கேஜ் பாதை வேலூருக்குள் வந்தது 1891இல். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரைக்கும் சுமார் 160 கி.மீ. என் தாத்தாவின் உலகம் அந்த 160 கிலோமீட்டர்தான்.

இப்போது தந்திக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

தந்தி இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு வேலூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்தபோது அந்தச் செய்தி சுமார் 25 கி.மீ. தூரத்திலிருந்த ஆற்காட்டுக்குக் குதிரையில்தான் போனது. அதைக் கேட்டு அங்கிருந்து கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். ஒரு செய்தி குதிரையை விட வேகமாகப் போக வழியே கிடையாது. அதற்கு ஐம்பது வருஷத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. வில்லியம் ஓ'ஷானஸி என்ற மருத்துவர் 1839இல் கல்கத்தாவில் கம்பி கட்டிச் சோதனை செய்தார், 1851இல் அங்கே முதல் தந்திப் பாதை வந்தது, 1855 பிப்ரவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை எல்லாவற்றையும் இணைத்துப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதாவது நம்ம பக்கம் ரயில் ஓடுவதற்கு முந்தின வருஷமே தந்தி இருக்கிறது.

ரயிலுக்கு அது ஏன் தேவை? ஒற்றைப் பாதையில் இரண்டு பக்கமும் வண்டி வரும். பக்கத்து ஸ்டேஷனைக் கேட்காமல் வண்டியை விட்டால் நடுவழியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். "பாதை காலியா, விடலாமா" என்று கேட்டு, "காலி, விடு" என்று பதில் வந்த பிறகுதான் கொடி காட்ட முடியும். அதற்குப் பெயர்தான் லைன் கிளியர். கடன் கிடைத்தால், பெண் வீட்டில் சம்மதம் சொன்னால், "லைன் கிளியர்" என்கிறோமே, அந்த வார்த்தை ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையிலிருந்து வந்தது.

நீங்கள் கேட்ட எழுத்துகளும் அந்த மேஜையிலிருந்துதான். தந்திக்காகக் கம்பத்தில் ஓடுவது ஒரே இரும்புக் கம்பி, மின்சாரம் திரும்பி வரும் வழி பூமியே. அந்த ஒரு கம்பியில் வரிசையாக எத்தனையோ ஸ்டேஷன்கள். யார் தந்தி அடிக்கும் கட்டையைத் தட்டினாலும் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் சத்தம் கேட்கும். அதனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும், முழுப் பெயரையும் தட்டிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது, ஆளுக்கு இரண்டு மூன்று எழுத்து வைத்தார்கள். காட்பாடி கே.பி.டி, வேலூர் கண்டோன்மெண்ட் வி.எல்.ஆர், வாலாஜா ரோடு டபிள்யூ.ஜே.ஆர், ஜோலார்பேட்டை ஜே.டி.ஜே (கடைசி ஜே ஜங்ஷன்), ஆம்பூருக்கு ஏ.பி, வாணியம்பாடிக்கு வி.என். மெட்ராஸ் எம்.ஏ.எஸ். 1996இல் ஊர்ப் பெயர் சென்னை ஆனாலும் அந்தக் குறியீடு அப்படியே கணினிக்குள் வந்துவிட்டது.

தந்திக் கருவி 'பீப் பீப்' என்று கத்தும் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தா சிரித்தார். ஸ்டேஷனில் இருந்தது சவுண்டர், ஒரு மின்காந்தம், அதன் மேல் ஒரு இரும்புப் பட்டை. மின்சாரம் வந்தால் பட்டை 'டக்' என்று இறங்கும், நின்றால் 'டக்' என்று ஏறும். இரண்டு 'டக்'குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் எழுத்து. குறைவாக இருந்தால் புள்ளி, நீண்டால் கோடு. சத்தம் சன்னமாக இருக்கும் என்பதால் பின்னால் ஒரு காலி சிகரெட் டின்னைச் செருகி வைத்திருப்பாராம், கணீரென்று கேட்க. எனக்கு ஆம்பூரைச் சாப்பாட்டு மேஜையில் கரண்டிக் காம்பால் தட்டிக் காட்டியிருக்கிறார்: ஏ குட்டை நீளம், பி நீளம் குட்டை குட்டை குட்டை. பாட்டிக்கு அந்தச் சத்தமே ஆகாது. "ரிடையர் ஆகியும் ஸ்டேஷன் நம்ம வீட்டை விட்டுப் போகல" என்பார்.

நேரமும் கம்பியில்தான் வந்தது. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் எல்லாம் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், சென்னை வானியல் ஆய்வகத்தின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906இல்தான் இப்போதைய 5:30 வந்தது. அந்த ஆய்வகத்திலிருந்து தந்தி வழியாக நேரத்தை அனுப்புவார்கள். தாத்தா வேலையில் இருந்தபோதும் தினமும் மாலை 4 மணிக்கு நேரம் வரும், அந்த நேரத்தில் எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் கடிகாரத்தை விட்டு அசைய மாட்டார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பவருக்குக்கூட அவ்வளவு கவனம் இருக்காது.

அப்புறம் டோக்கன். வெறும் பேச்சை நம்பினால் மனிதன் தப்பு செய்வான் என்று நீல்ஸ் பால் டோக்கன் என்ற கருவி வந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுயரத்தில் ஒவ்வொரு பெட்டி, உள்ளே இரும்புக் குண்டுகள், குண்டில் இரண்டு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும். எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் அவர் பக்கம் சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பக்கம் குண்டு வெளியே விழும். ஒன்று வெளியே வந்துவிட்டால் அது மறுபடி உள்ளே போகும்வரை அடுத்தது எந்தப் பக்கமும் வராது. அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள், அது கையில் இல்லாமல் அவர் வண்டியை எடுக்கக் கூடாது. நிற்காத வண்டி என்றால் ஆள் பிளாட்பாரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார், எஞ்சினில் தொங்கியபடி வருகிறவர் வளையத்துக்குள் கையை நுழைத்து அதை வாங்கிக்கொள்வார். பெட்டியின் மேல் மணி இருக்கும், அதிலும் ஒரு பேச்சு உண்டு. ஒரு தட்டு தட்டினால் கவனி, மூன்று தட்டினால் வண்டி கிளம்பிவிட்டது, நான்கு தட்டினால் வண்டி வந்து சேர்ந்துவிட்டது. தாத்தாவுக்கு மிகவும் பிடித்தது அந்த நான்காவது தட்டு. அதைக் கேட்கும்வரை ராத்திரி டியூட்டியில் டீ குடிக்க மாட்டாராம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு ஐப்பசி ராத்திரி, நல்ல மழை. புளியமரக் கிளை முறிந்து கம்பிகள் மேல் விழுந்ததில் தந்தி, மணி, டெலிபோன் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன, எல்லாம் ஒரே கம்பத்தில்தானே ஓடின. பாசஞ்சர் வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. ஆட்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு முன்னால் கூடிவிட்டார்கள்.

"இன்னா சார், தண்டவாளம்தான் நல்லாக்கீதே, வுட்டா போயிடும்ல" என்று ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார்.

தாத்தா சொன்னாராம்: "எதிர்ல வண்டி கெளம்பிட்டானா இல்லியான்னு எனக்கே தெரியாதுங்க. தெரியாம உங்கள எப்படி அனுப்பறது?"

கைவிளக்கோடு ஆளைத் தள்ளுவண்டியில் ஏற்றி அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பி, அங்கிருந்து கையெழுத்துப் போட்ட காகிதம் வந்த பிறகுதான் வண்டியை விட்டார். விட்டதும் மெதுவாகத்தான், டிரைவரிடம் எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து. விடிந்து கம்பி சரிசெய்ய ஆட்கள் வந்து, காலை எட்டு மணி வாக்கில் சவுண்டர் 'டக்' என்றது. யாரோ எதிர்முனையிலிருந்து அவர் ஸ்டேஷனின் எழுத்துகளைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், ராத்திரி முழுக்கவே தட்டிக்கொண்டிருந்தாராம், கம்பி எப்போது உயிர் பெறும் என்று தெரியாமல். அந்த ஆளைத் தாத்தா நேரில் பார்த்ததே இல்லை. கட்டையில் அவர் கை விழும் விதத்தை வைத்தே யார் என்று தெரியும் என்பார்.

மக்களுக்கான தந்தி 2013 ஜூலை 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது, ரயிலில் அதற்கு ரொம்ப முன்னாலேயே டெலிபோன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தியபோது பழைய கம்பங்களையும் பிடுங்கிவிட்டார்கள். அவற்றில் கம்பியைத் தாங்கியிருந்த வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றைத் தாத்தா வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார், கம்பி உராய்ந்த பள்ளம் அதன் கழுத்தில் இன்னும் இருக்கிறது. படம் எடுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.