ஒல்லியாக இருந்தால் ஃபிட்டா?

கேள்வி: வயது 41. உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ. 'உடம்பைக் கச்சிதமா வெச்சிருக்கீங்களே' என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். ஆனால், மூன்று மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. 86 கிலோ இருக்கும் நண்பர் பேசிக்கொண்டே ஏறிவிடுகிறார். எங்களில் யார் ஃபிட்?

பதில்: மாடிப்படியைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்தான். தசைகளுக்கு ஆக்ஸிஜனைக் கொண்டுசேர்க்க இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு திறன், தசைகளுக்கு எவ்வளவு வலு, அவை எவ்வளவு நேரம் தாங்கும், மூட்டுகள் எவ்வளவு வளையும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் உடற்தகுதி. ஆளைப் பார்த்து இவற்றைச் சொல்லிவிட முடியாது.

கொழுப்பும் அப்படித்தான். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்மவர்கள் பலருக்கு, கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். சர்க்கரை நோய்க்கு அது வழிவிடும். 'ஒல்லியான ஆள், அவருக்கென்ன' என்ற பேச்சை நம்பிப் பரிசோதனைக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

உங்கள் பி.எம்.ஐ. ஏறக்குறைய 22. அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை. நண்பரையும் அளக்கச் சொல்லுங்கள். நன்றாக மாடி ஏறுகிறார் என்பதற்காக அவருக்கு விலக்கு கிடையாது.

மூச்சு வாங்குவது சமீபத்தில் தொடங்கியதா? நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் உண்டா? இருந்தால் உடற்பயிற்சியைத் தொடங்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, ஆஸ்துமா, இதயக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். கையோடு சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். இன்றைக்கு அந்த மூன்று மாடியை ஏறியதும் நாடித்துடிப்பை எண்ணுங்கள், ஒரு நிமிடம் நின்று மறுபடி எண்ணுங்கள். இரண்டையும் எழுதிவைத்து, எட்டு வாரம் கழித்து அதே படியில் ஏறி ஒப்பிட்டுப் பாருங்கள்.