ஒன்பது வெட்டு, கடைசியில் டிரா

கேள்வி: செஸ் போட்டியில் டிரா என்றாலே கடுப்பாக இருக்கிறது. ரசிக்கும்படியாக ஒரு டிரா ஆட்டமாவது உண்டா? கறுப்புக் காயில் பிரெஞ்சு டிஃபன்ஸ் என்ற தொடக்க முறையைப் பழகிக்கொண்டிருக்கிறேன், அதில் இருந்தால் நல்லது.

பதில்: கடுப்பு நியாயம்தான். பெர்லின் டிஃபன்ஸ் என்ற இன்னொரு தொடக்க முறையில் ராணியை அங்கும் இங்கும் ஆட்டி 14 நகர்த்தலில் கை குலுக்கிவிட ஒரு வழி இருக்கிறது, பெரிய கிராண்ட்மாஸ்டர்களே கூச்சமில்லாமல் அதை ஆடியிருக்கிறார்கள். அதை விடுங்கள். 1960-ல் லைப்சிக் நகரில் நடந்த ஒலிம்பியாடில், அதாவது நாடுகள் அணியாக மோதும் போட்டியில், அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் சோவியத் யூனியனின் மிகைல் தாலும் ஆடியதைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஃபிஷருக்கு 17 வயது, வெள்ளைக் காய் அவருக்கு. எதிரே உட்கார்ந்திருந்த தால் உலக சாம்பியன், அதுவும் முந்தைய ஆண்டு, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் மோதிய நான்கு ஆட்டத்திலும் ஃபிஷரைத் தோற்கடித்தவர்.

பிரெஞ்சில் வினாவர் வகை இது. கறுப்பு பிஷப் மூன்றாவது நகர்த்தலிலேயே பி4 கட்டத்துக்குப் போய் வெள்ளைக் குதிரையை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போடும். ஆனால் அது வீட்டை விட்டுக் கிளம்பியதால் ஜி7 சிப்பாய்க்குக் காவல் இல்லை. வினாவரின் சண்டையெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஏ5-க்கு ஒதுங்கிய பிஷப்பை ஃபிஷர் சிப்பாயை வைத்து விரட்ட, தால் அதைக் காப்பாற்றாமல் டி4-ல் வெட்டுகிறார், ஃபிஷரும் தன் குதிரையைப் பற்றிக் கவலைப்படாமல் ராணியை ஜி4-க்குக் கொண்டுவருகிறார். அப்புறம் ஜி7, எச்7 சிப்பாய்கள் இரண்டும் அந்த ராணியிடம் காலி.

உச்சம் 14-வது நகர்த்தல். தால் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறார், அங்கிருந்து இருவரும் மாறி மாறி வெட்டுகிறார்கள், வரிசையாக ஒன்பது வெட்டு, நடுவில் ஒரு சாதா நகர்த்தல்கூடக் கிடையாது! புகை அடங்கும்போது ராணியும் சிப்பாய்களும் போக ஃபிஷரிடம் யானை, தாலிடம் குதிரை. கணக்குப்படி வெள்ளைக்குத்தான் லாபம், ஆனால் ராஜாவுக்கு முன்னால் மறைப்பு இல்லை. 21-வது நகர்த்தலில் தால் ராணியை ஜி4-ல் வைத்து செக் சொல்கிறார். ராஜா மூலைக்கு ஓடினால் எஃப்3-ல் செக், திரும்பினால் மறுபடி ஜி4. இந்த செக் முடியவே முடியாது, அவ்வளவுதான், டிரா.

ஒரு விஷயம், பிஷப்பை ஏ5-க்கு இழுப்பதை இப்போதே பழகாதீர்கள். சி3 குதிரையை வெட்டிவிடுவதுதான் வினாவரின் பிரதான வழி, முதலில் அது கைக்கு வரட்டும்.