மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதத்துக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா? பட்டியலில் அந்த நோயின் பெயரே இல்லையே?

கிடைக்கும். "21 வகைக் குறைபாடுகளில் முடக்குவாதம் இல்லை, வீணாக அலையாதே" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அதுவும் விவரம் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவரே சொன்னதுதான் இன்றும் வயிற்றெரிச்சல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பட்டியலில் உடல் இயக்கக் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. எலும்பு, மூட்டு, தசை, நரம்பு எது பாதித்து நடமாட்டமோ கைவேலையோ முடங்கினாலும் அதற்குள் வரும்.

சான்றிதழில் போடும் குறைபாட்டுச் சதவீதம் நோயின் பெயருக்கோ எக்ஸ்ரேவுக்கோ கிடையாது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, பலம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கால் என்றால் நடப்பது, படியேறுவது, குந்துவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது என ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு உண்டு. இரண்டு பாதிப்புகள் இருந்தால் அப்படியே கூட்ட மாட்டார்கள். 30ம் 18ம் சேர்ந்தால் 48 அல்ல, 42தான். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் அப்படித்தான்.

எனக்குப் பாதிப்பு கைகளில். விடியற்காலையில் விரல்கள் கட்டைபோல் விறைத்திருக்கும். தலைமுடியைக்கூட மகள்தான் பின்னிவிடுவாள். மருத்துவக் குழு கூடியதோ முற்பகல் 11 மணிக்கு மேல். அதற்குள் வெந்நீரும் மாத்திரையும் சேர்ந்து விரல்களை ஓரளவு இளக்கிவிட்டன. "மடக்குங்கம்மா" என்றார் டாக்டர். மடக்கினேன். "சரி, அடுத்தவர்" என்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். கட்டை விரல் அழுந்தாததால், பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, தோளிலிருந்து முழுக்கையையும் இழுத்துத்தான் நான் எழுதுவேன். அவர் அதைப் பார்த்தார். "எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டார். காலை நேரத்து நிலைமை முழுவதையும் அப்போது சொன்னேன். திரும்ப உட்காரவைத்து, கோணமானியை ஒவ்வொரு கணுவிலும் வைத்து அளந்தார். 46 சதவீதம் வந்தது. தற்காலிகச் சான்றிதழ்தான், மறுமதிப்பீட்டுத் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

நடித்து வாங்கச் சொல்கிறாள் என்று யாராவது கிளம்பலாம். நடிக்கச் சொல்லவில்லை. "முடிகிறதா?" என்று கேட்டால் "சமாளித்துக்கொள்வேன்" என்றுதான் நம் வாயில் வரும், பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஒரு நாள் அதைச் சொல்லாதீர்கள். எதை, எந்த நேரத்தில், யார் துணையில்லாமல் செய்ய முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிகிச்சை பெறும் மருத்துவரின் சீட்டில் காலை நேர விறைப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் உட்கார்ந்தால், "நன்றாகத்தானே இருக்கிறீர்கள், எழுந்திருங்கள்" என்கிறார்கள். அட்டையைக் காட்டிய பிறகும் என் கையை உற்றுப் பார்த்தார் ஒருவர். நடத்துநர் வாய் திறக்கவில்லை. ஊன்றுகோல் இருந்தால்தான் வலி என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

சதவீதம் குறைவாக வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள்; மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.