எச்சில் இலையும் 'கேலரி 14'-உம்

கேள்வி: கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிறேன். படங்களை என் வெப்சைட்டில் ஏற்றி, கேலரி லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். போன வாரம் அனுப்பிய லிங்க்கின் மேல் பந்தியில் எச்சில் இலை எடுக்கும் படமும், 'கேலரி 14' என்ற தலைப்பும் வந்து நின்றன. பெண்ணின் அப்பா போனிலேயே பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தை நானே முடிவு செய்ய வழி உண்டா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு தம்பி. காட்பாடியில் நான் ஸ்டூடியோ வைத்திருந்தபோது, கரிஷ்மா ஆல்பத்தின் அட்டைக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் சண்டை போடுவார்கள். லிங்க்குக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. ஃபேஸ்புக் 2010-ல் கொண்டுவந்த 'ஓப்பன் கிராஃப்' என்ற முறைதான் அது. பக்கத்தின் கோடில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத 'ஹெட்' பகுதியில் ஓஜி டைட்டில், ஓஜி டிஸ்கிரிப்ஷன், ஓஜி இமேஜ் (ஓஜி என்பது ஓப்பன் கிராஃபின் சுருக்கம்) என்று சில வரிகள் எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாம் அதைத்தான் படிக்கின்றன. கேலரி மென்பொருளில் 'கவர் போட்டோ' என்று ஓர் இடம் இருந்தால், பெரும்பாலும் அங்கே மாற்றினாலே போதும். கையால் எழுதுவதானால் படத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ் தொடங்கி முழுசாகக் கொடுங்கள். பாதி முகவரி கொடுத்தால் படம் வராமல் போகலாம்.

எந்தப் படம் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். என் அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு, அண்ணனும் அண்ணியும் நிற்கும் நெட்டுப் படத்தை வைத்தேன். மேலும் கீழும் வெட்டுப்பட்டு, வந்தது வெறும் மாலைகள். "மாலைக்கா அறுபது?" என்று அண்ணன் கேட்டார். 1200-க்கு 630 பிக்சல் என்பது பொதுவான அளவு, அகலம் உயரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நெட்டுப் படம் அதில் அடங்காது. வேலூர் கோட்டை அகழிக்கரையில் எடுப்பீர்களே, பின்னால் மதில் நீளமாக ஓட ஜோடி நடுவில் நிற்கும் படம், அது கச்சிதமாக உட்காரும். முகங்கள் நடுவிலேயே இருக்கட்டும், சில இடங்களில் சதுரமாகவும் வெட்டிவிடும். ஃபைலை 300 கேபிக்குள் சுருக்கிவிடுங்கள். கேமராவிலிருந்து வந்த 12 எம்பி படத்தை அப்படியே வைத்தால் சில சமயம் ஒன்றுமே வராது.

தலைப்பில் இரண்டு பேர் பெயரும் தேதியும் போதும். உங்கள் ஸ்டூடியோ பெயரை அடுத்த வரியில் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. கேலரிக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும், சில மென்பொருள்களில் இந்த அட்டைப் படம் மட்டும் வெளியே தெரியும். லிங்க் எத்தனை குழுக்களுக்குப் போகிறதோ, அத்தனை பேரும் பார்ப்பார்கள். பெண் வீட்டார் கூச்சப்பட்டால் முகம் வேண்டாம், தாம்பாளத்தில் இருக்கும் தாலியையோ பத்திரிகையையோ வையுங்கள்.

சரி, போன எச்சில் இலைக்கு வருவோம். வாட்ஸ்அப் முன்னோட்டம் அனுப்புகிறவர் போனிலேயே தயாராகிச் செய்தியோடு போய்விடுகிறது. நீங்கள் இப்போது பக்கத்தை மாற்றினாலும் அது மாறாது. ஒரு வாரம் ஆகிவிட்டதால் எல்லோருக்குமாக அழிக்கவும் முடியாது. புதிதாகத்தான் அனுப்ப வேண்டும். பழைய படமே ஒட்டிக்கொண்டு வந்தால், லிங்க்கின் வாலில் ஒரு கேள்விக்குறியும் ஓர் எண்ணும் சேருங்கள், புது லிங்க் என்று நினைத்து மறுபடி படிக்கும். ஃபேஸ்புக்குக்கு 'ஷேரிங் டிபக்கர்' என்ற பக்கம் இருக்கிறது, அங்கே லிங்க்கைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லலாம்.

லிங்க்கை ஒட்டியதும் மேலே படம் வரும்வரை பொறுத்து, பார்த்துவிட்டு அனுப்புங்கள். முதலில் உங்கள் எண்ணுக்கே. அப்புறம் பெண்ணின் அப்பாவுக்கு.